குளிசையோடு ஒரு போர்பன்

பித்தப்பையில் கல் என்று சொல்லி ஏழு மாதம் காத்திருந்த பிறகுதான் எனக்கு ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்தது. இடையில் இரண்டு தரம் வலி தாங்காமல் எமர்ஜென்சிக்குப் போய் வந்தேன். மகள் வேலைக்கு லீவு போட்டு, தான் இருக்கிற அஜக்ஸிலிருந்து விடியக் காரோடி வந்து என்னை ஏற்றிப் போனாள்.

இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாது, பிரஷர் குளிசையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாம் என்று நேர்ஸ் ஃபோனில் சொன்னதாக மகள் முதல்நாளே சொல்லியிருந்தாள். அப்படியே செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

வெறும் வயிற்றில் குளிசை போட்டால் குடல் புண்ணாகும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். குளிசை என்றால் கூடவே ஒரு பிஸ்கற். எனக்கு அது போர்பன். நீளமாக, மேலே சீனி தூவி, நடுவில் சொக்லேட் கிறீம் வைத்தது. மேல் தட்டைக் கழற்றி, கிறீமை நக்கிவிட்டுத்தான் மிச்சத்தைச் சாப்பிடுவேன். பார்க்க ஆள் இருந்தால் செய்ய மாட்டேன். அன்றைக்கும் விடிய ஐந்து மணிக்கு அப்படித்தான் சாப்பிட்டேன். அதைச் சாப்பாடு என்று நான் எண்ணவே இல்லை.

ஆஸ்பத்திரியில் உடுப்பு மாற்றிக் கட்டிலில் படுத்ததும் நேர்ஸ் கேட்டதற்கெல்லாம் மகளே பதில் சொன்னாள். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டதற்கு, "நத்திங் சின்ஸ் லாஸ்ட் நைட்" என்றாள். அந்தளவு இங்கிலிஷ் எனக்கு விளங்கும். நானும் தலையாட்டினேன்.

திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலிலும் தமிழ் ஆட்கள்தான். புருஷன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன முறை ஒரு வாய் ரீ குடிச்சதுக்கெல்லோ திருப்பி அனுப்பினவங்கள்."

"ஒரு வாயோ? உங்கடை வாய் ஒரு கோப்பை கொள்ளும்."

"விசர்க்கதை கதையாதையும். மயக்கத்தில வயித்தில கிடக்கிறது மேலை வந்து மூச்சுக்குழாய்க்குள்ளை போனால் ஆள் முடிஞ்சுதாம். டொக்டர் சொன்னவர்."

விடியச் சாப்பிட்ட போர்பன் எனக்கு நினைவுக்கு வந்தது. மகளைப் பார்த்தேன். அவள் வேலையிடத்தோடு ஃபோனில் கதைத்துக்கொண்டு நின்றாள். இனி ஒரு லீவு எடுக்க அவள் யாரிடம் போய் நிற்பாள்? இன்னும் எத்தனை மாதம் இந்த வலி? ஒரேயொரு பிஸ்கற். கரைந்து போயிருக்கும். போகாவிட்டால்? சொல்லத்தான் வேண்டும் என்றால் இத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில் எப்படிச் சொல்வது? கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கவே கூசுகிற ஆள் நான்.

மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் வந்தார். கடதாசியைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து நரம்பு தேடினார். நான் கையை இழுத்துக்கொண்டேன். ஒரு விரலைக் காட்டினேன்.

"பிஸ்கற். வன்."

"அம்மா, என்ன சொல்லுறியள்?" மகள் ஃபோனைக் கீழே இறக்கினாள்.

"குளிசையோடை ஒரு போர்பன் சாப்பிட்டனான்."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீ என்னட்டைக் கேக்கேல்லையே, பிள்ளை."

அவளுடைய முகம் சிவந்து போனது. டொக்டர் கோபிக்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். பிஸ்கற் செமிக்கும்வரை என்னைக் கடைசி ஆளாகத் தள்ளி வைப்பதாகவும், அதற்குள் நேரம் முடிந்துவிட்டால் வேறு திகதிதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்துக் கட்டில்காரர் ஒப்பரேஷனுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். கூப்பிடுகிற ஒவ்வொரு பெயரும் வேறு யாருடையதாகவோ இருந்தது. மகள் கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தாள்.

இரண்டு மணி தாண்டி வேறொரு நேர்ஸ் வந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எப்போது சாப்பிட்டது என்ற அதே கேள்வியைக் கேட்டாள். மகள் வாயைத் திறந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்கோ அம்மா."

"ஃபைவ் ஓ குளொக்," என்றேன். "வன் பிஸ்கற். ஆஃப்டர், நத்திங்."

நேர்ஸ் அதை எழுதிக்கொண்டு, குனிந்து கட்டில் சில்லின் பிறேக்கைத் தட்டி விட்டாள். கட்டில் ஒப்பரேஷன் அறைப் பக்கம் உருண்டது.