ஏழாம் மண்டலத்துக்குப் போன பதவி உயர்வு

தபால் பிரிப்பகத்தில் அவரை ‘ஆறிலக்கம்’ என்பார்கள். அசல் பெயர் யாருக்கும் நினைவில்லை. அவரும் யார் பெயரையும் படிக்கிறவர் இல்லை என்பதால் இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகளாக உறையின் கீழ்மூலையை மட்டுமே பார்த்து வாழ்ந்த மகான். அங்கிருக்கும் பின்கோடில் முதல் இலக்கம் மண்டலம். இரண்டாவது அதற்குள் ஒரு பகுதி. மூன்றாவது பிரிப்பகம் இருக்கும் மாவட்டம். கடைசி மூன்றும் கடிதத்தை வீட்டில் சேர்க்கும் அலுவலகம். நாட்டையே ஆறு எண்ணுக்குள் மடித்து வைத்தபிறகு மனிதனுக்குப் பெயர் எதற்கு என்பது அவர் கட்சி. “என் பேராவது ஞாபகம் இருக்கா, இல்ல எனக்கும் நம்பர் போட்டாச்சா?” என்று மனைவி கேட்டதுண்டு. அவர் ரேஷன் அட்டையை எடுத்துப் பார்த்ததும் உண்டு.

எண் தவறென்று தெரிந்தாலும் எண் காட்டும் கட்டத்தில்தான் போட வேண்டும். திருத்துவது போய்ச் சேரும் அலுவலகத்தின் பாடு. இது அவர் போராடிக் கொண்டுவந்த சட்டம். பக்கத்து மேசைக்காரர் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு இரக்கப்பட்டுச் சரியான கட்டத்தில் போட்டதற்கு, இவர் மேலிடத்துக்கு எழுதி அவரிடம் விளக்கம் கேட்க வைத்தார்.

ஆறிலக்கம் மேற்பார்வையாளர் ஆவார் என்பது உறுதியாகியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் உத்தரவைக் கையில் வைத்துப் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் பதவி பக்கத்து மேசைக்காரருக்கு.

திங்களன்று ஒரு பழுப்பு உறையை ஏழாம் மண்டலக் கட்டத்தில் வீசினார். பக்கத்து மேசைக்காரர் பதறினார்.

“அண்ணே, அது உங்க ஆர்டர்! ஆறுல ஆரம்பிக்க வேண்டியதுக்கு ஏழு அடிச்சுட்டானுங்க. எடுத்து வச்சுக்கோங்க, நாங்க யாரும் பாக்கல.”

“நான் பாத்தேன்,” என்றார் மூட்டை கட்டுபவர். “சட்டமெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும்தானா?”

ஆறிலக்கம் உறையை எடுத்தார். வாழ்வில் முதன்முறையாக ஒரு முகவரியை முழுக்கப் படித்தார். தன் பெயர் இத்தனை நீளம் என்பது அவருக்கே செய்தி. பிறகு ஏழாம் கட்டத்திலேயே போட்டுவிட்டு, விடுப்பு எழுதிக் கொடுத்து, அந்த மூட்டை போன ரயிலிலேயே ஏறினார்.

புதன்கிழமை நாட்டின் மறுகோடியில் ஒரு தபால் அலுவலக ஜன்னலில் நின்றார். குமாஸ்தா அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேரு உங்களோடதுதான் சார். ஆனா அந்தத் தெரு எங்க எல்லையில இல்லையே. கையில குடுக்க ரூல் கிடையாது. நம்பரத் திருத்தித் திருப்பி அனுப்பிடறோம். உங்க ஊர்லேருந்து தப்பு நம்பர்ல வர்றதெல்லாம் எங்க தலையிலதான் விழுது. யாரு சார் அந்த மகராசன்?”

தெரியாது என்றார்.

உறை சனிக்கிழமை வீட்டுக்கு வந்தது. மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கினார். வெள்ளியன்றே நாற்காலி கைமாறியிருந்தது.

திங்களன்று புது மேற்பார்வையாளர் அறிவித்தார்: “இனிமே பேரையும் கொஞ்சம் படிங்கப்பா.”

“எழுத்துல குடு தம்பி,” என்றார் ஆறிலக்கம்.

“குடுக்கறேண்ணே. ஆனா இந்த ரூமுக்குள்ள நான் சார்.”