பீடிகூடத் தொடாத பிள்ளை

எண்ணூர் லாரி யார்டில் கிளீனராக இருந்த லோகுவைக் கஞ்சாப் பொட்டலங்களோடு பிடித்துவிட்டார்கள். ராயபுரத்தில் மீன் விற்கும் அவன் அம்மா தேசம்மா, மறுநாள் காலையிலேயே எங்கள் வக்கீல் ஆபீஸுக்கு வந்துவிட்டார். நான் அங்கே குமாஸ்தா.

"கேஸ் இன்னா நைனா பெரிய கேஸ்? எங்க தெருவுல கேஸ் இல்லாத ஆம்பள எவன் கீறான்?" என்றார்.

பிடிபட்டது சின்ன அளவுதான். கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது லோகு என்னிடம் தனியாகச் சொன்னான்: "விக்கல நைனா. ஊதத்தான் வாங்குனேன். வுட்டுடணும்னு பாக்குறேன், முடியல." பாவமாக இருந்தது.

எங்கள் சீனியருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. போதைக்கு அடிமையானவன் சின்ன அளவோடு சிக்கினால், சிகிச்சைக்குப் போகிறேன் என்று மனு போடலாம். ஒழுங்காக முடித்தால் தண்டனையே இல்லாமல் தப்பலாம். இல்லாவிட்டால் ஒரு வருஷம் வரை உள்ளே. அதிலும் போட்டது போட்டதுதான். கொலைக் கைதிக்கு நன்னடத்தைக்காக நாள் குறையும். போதை கேஸில், ஊதியதற்காகப் போட்ட தண்டனை ஒன்றைத் தவிர வேறெதற்கும் குறையாது. ஊதுகிறவனுக்கு எங்கள் சட்டத்தில் அப்படியொரு மரியாதை.

மனு விசாரணைக்கு வந்தது. கோர்ட்டில் பார்த்தால், தேசம்மா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மாத்தூர்க்காரர் ஒருவர். லோகுவுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா! பொய்க் கேஸ், நீங்களே வந்து பாருங்கள் என்று தேசம்மாவே அழைத்து வந்திருக்கிறார். தலையெழுத்து!

"எத்தனை நாளா இந்தப் பழக்கம்?" என்று நீதிபதி லோகுவைக் கேட்டார். அவன் வாய் திறப்பதற்குள் தேசம்மா எழுந்துவிட்டார்.

"சாமி! எம்புள்ள பீடிகூடத் தொடமாட்டான்! அபாண்டமா சொல்றானுங்க!"

அவன் ஊதுகிறான் என்று மனுவில் சொன்னது அவர் வைத்த வக்கீலேதான். சீனியர் தலையில் கை வைத்துக்கொண்டார். லோகு அம்மாவைப் பார்த்தான், மாத்தூர்க்காரரைப் பார்த்தான்.

"ஊதுறது இல்ல சாமி."

மனு தள்ளுபடி. வெளியே வந்து தேசம்மாவிடம் கத்தித் தீர்த்தேன். அவர் அசரவில்லை.

"கேசு இன்னிக்கு வரும், நாளைக்குப் பூடும். கஞ்சா குடிக்கின்னு பேரு வந்தா எவன் நைனா பொண்ணு குடுப்பான்?"

விசாரணை முடிந்து ஒரு வருஷம் போட்டார்கள். மாத்தூர்க்காரர் நியாயஸ்தர். தேசம்மா சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். "ஊதாதவன்னா, அப்போ அத்தினியும் விக்கத்தான வச்சிருந்தான்?" என்று கேட்டுவிட்டுப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்.

ஜெயிலில் மகனைப் பார்த்துவிட்டு தேசம்மா நேரே எங்கள் ஆபீஸுக்கு வந்தார்.

"ஒயுங்கா வேலை செய்றான் நைனா. பக்கத்துல படுக்குற கொலகாரனுக்கு நாளு கொறையுதாம், எம்புள்ளைக்கு இல்லியாம். அவன் ஊதுவான்னு நானே கூண்டுல ஏறிச் சொல்றேன். இப்போ சொன்னா கொறைப்பாங்களா?"

"குறைக்க மாட்டாங்கம்மா" என்றேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

புதிதாக வரும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான். போதை கேஸ் வந்தால் பொட்டலத்தின் எடையை அப்புறம் கேளுங்கள். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.