புளிக்கிற பனியாறு

மாவு அண்டாவின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் வனிதா. உள்ளே குமிழி வெடிப்பது அவருக்குக் கேட்கிறதாம். "பொறுடி, அப்புடி எங்கிட்டுப் போறதுக்கு அவசரம்?" என்று அண்டாவை அதட்டுகிறார். திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தோசை மாவு பாக்கெட் விற்கும் இவர், வேடிக்கையைச் சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவார். பாதி வேடிக்கை அந்தச் சிரிப்பிலேயே போய்விடும்.

கடையில் இரண்டே சாமிகள்: கிரைண்டர், பிரிட்ஜ். இரண்டையும் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் காலையில் சுவிட்சைப் போடுவார். கிரைண்டர் நின்றால் வைவார். பிரிட்ஜ் நின்றால் அழுதேவிடுவார்.

அவர் சிரிப்பை நிறுத்தக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "ஒம் மக என்ன வேல பாக்குறா?" மகள் சிவரஞ்சனி இமயமலையில் பனியாறு உருகுவதை ஆராய்கிறாள். போனில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். பழங்காலத்து இலை, தூசி, புகைக்கரி எல்லாம் பனிக்குள் கெடாமல் கிடக்கின்றன. பனி உருகினால் கிருமிகள் அதைத் தின்று கரியமில வாயுவை வெளியே விடும். உலகம் இன்னும் சூடாகும், பனி இன்னும் உருகும். வனிதா "உம்" கொட்டுவார். சொன்னது காதில் நிற்கும், என்னவென்றுதான் பிடிபடாது. யாராவது கேட்டால் "ஐஸ் வேல" என்று சொல்லி நழுவுவார். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் நாத்தனார் பொன்னுத்தாய், "குச்சி ஐஸா, கப் ஐஸா?" என்று கேட்க, பந்தியே சிரித்தது. வனிதா பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தார். பெற்ற மகளின் வேலையை நாலு பேரிடம் சொல்லத் தெரியவில்லையே!

நேற்று காலையில் போன கரண்ட் மத்தியானம் வரை வரவில்லை. சித்திரை வெயில் வேறு. பிரிட்ஜுக்குள் பாக்கெட்டுகள் உப்பிக்கொண்டு நின்றன. அண்டா மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வழிந்தது. வனிதா இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருக்கும்போதுதானா பொன்னுத்தாய் வர வேண்டும்?

"என்னாத்தா, மக ஐஸ் அள்ளுறா, நீ மாவு அள்ளுறியா?"

வனிதா வழிகிற மாவைப் பார்த்தார். நின்றுபோன பிரிட்ஜைப் பார்த்தார். அழுகை வந்திருக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு பீறிட்டது.

"மதினி! இதேதான் மதினி எம் மக வேல! அந்த மல பூரா பிரிட்ஜு. உள்ள கெடக்குற பழய எல தழதான் மாவு. பிரிட்ஜு நின்னா பொங்கும்ல? பொங்குறப்ப வர்ற காத்துதான் ஒலகத்தச் சூடாக்குது!"

"கரண்ட்டு வந்தா அடங்கிரும்ல?"

"அங்க கரண்ட்டப் புடுங்கிவிட்டதே நாமதான மதினி!" வனிதா கிரைண்டரை ஓங்கித் தட்டினார். "இன்னங் கேளுங்க. அந்தப் பனி நகந்து நகந்து கல்ல அரச்சுத் தள்ளுதாம். அந்தக் கல்லு மாவு தண்ணில கலந்து, கொஞ்சம் காத்தத் திருப்பிப் புடிச்சு வச்சுக்குமாம். எம்புட்டு விடுது, எம்புட்டுப் புடிக்குதுன்னு அளக்குறவ எம் மக!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் கடையைச் சுற்றித் திரண்டுவிட்டார்கள். உப்பிய பாக்கெட்டுகளை "பனியாறு! பனியாறு!" என்று கூவியே தள்ளிவிட்டார் வனிதா. பொன்னுத்தாயும் ஒன்று வாங்கினார்.

அப்போது சிவரஞ்சனி போனில் அழைத்தாள். "என்னம்மா, அங்க ஒரே சத்தமா இருக்கு?"

வனிதா சிரித்துக்கொண்டே, மாவு அப்பிய கையோடு போனை அண்டாவின் வாயருகே கொண்டுபோய், குமிழிகள் வெடிப்பது மகளுக்குக் கேட்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.