வாய்ப்பு இருக்கிறது

வெள்ளம் மேடம் என்ற பெயர் மாணவர்கள் வைத்தது. பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய பாடத்தின் பெயர் இடர்த் தகவல் தொடர்பு. வெள்ளமோ தீயோ தொற்றுநோயோ வரும்போது அதை மக்களிடம் எப்படிச் சொல்வது என்கிற படிப்பு. அவ்வளவு நீளமாக யார் சொல்வார்கள்? வெள்ளம் என்று சுருக்கிவிட்டார்கள். மேடம் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அவருடைய கோபமெல்லாம் வேறொரு சொல்லின் மேல். வாய்ப்பு.

ஆறு பெருகிய வருடம் அவர் ஆராய்ச்சி மாணவி. ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று ஆற்றோரத் தெருக்களில், "வெள்ளம் வர வாய்ப்பு உள்ளது" என்று சொல்லிக்கொண்டே போனது. ஜனங்கள் கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மறுநாள் மொட்டை மாடிகளில் நின்று கையாட்டினார்கள். பிறகு மேடம் வீடு வீடாகப் போய் விசாரித்தபோது ஒரு தையற்காரர் எரிச்சலோடு கேட்டார்: "வேலை வாய்ப்புன்னு சொல்வாங்க, பட வாய்ப்புன்னு சொல்வாங்க. வெள்ளத்துக்கு எவன்மா வாய்ப்பு குடுத்தான்?"

அந்தக் கேள்வியை வைத்துத்தான் மேடம் முனைவர் பட்டமே வாங்கினார். என்ன வருகிறது, என்ன செய்ய வேண்டும். எச்சரிக்கையில் இந்த இரண்டும் இருக்க வேண்டும், 'வாய்ப்பு' இருக்கக் கூடாது. வருடா வருடம் முதல் வகுப்பில் கரும்பலகையில் அவர் எழுதுவது இதைத்தான்.

எழுதியதெல்லாம் தற்காலிக விரிவுரையாளராக. விடுமுறை வந்தால் வேலை போய்விடும், பருவம் தொடங்கினால் திரும்பி வரும். இந்த வருடம்தான் நிரந்தர இடத்துக்கு விளம்பரம் வந்தது. அதே நேரம் பார்த்து, லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய கணவருக்குக் கம்பெனியில் வெளியூர் மேற்பார்வையாளர் வேலை தருகிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மேடத்துக்கு வேலை கிடைத்தால் இங்கேயே இருப்பது, கிடைக்காவிட்டால் மூட்டை கட்டுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

நேர்காணல் நடந்தது. வெளியிலிருந்து அழைத்திருந்த நிபுணர் செல்போன் கோபுரங்களைப் பற்றிப் படித்தவர். அலுவலகத்தில் யாரோ 'தகவல் தொடர்பு' என்பதை மட்டும் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"டவர் விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று முதல் கேள்வி வந்தது.

"என் பாடம் டவர் பத்தி இல்லீங்க சார். சிக்னல் கிடைச்ச அப்புறம் ஜனங்க என்ன புரிஞ்சுக்கறாங்கங்கறதுதான்."

"சிக்னல் கிடைச்சா தானா புரிஞ்சுட்டுப் போகுது!"

குழு சிரித்தது. மேடத்தின் பாடத்திட்டத்தில் கையெழுத்துப் போட்ட துறைத் தலைவரும் சேர்ந்து சிரித்தார். மேடம் விடாமல், வாய்ப்பு என்ற ஒரு சொல் ஒரு தெருவையே எப்படி உட்கார வைத்தது என்று விளக்க ஆரம்பித்தார். நிபுணர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தையை மாத்தறதுக்கு ஒரு பேராசிரியரா?" என்றார்.

வெளியே வந்ததும் தலைவர் தாழ்வாரம் வரை கூடவே நடந்தார். "அசத்திட்டீங்கம்மா. உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு."

அந்தச் சொல் மேடத்தின் காதில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? நம்பினார். அடுத்தடுத்த நாட்களில் கேட்டபோதும் அதே பதில்தான். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கணவர் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னைக்காவது வாயைத் திறந்தாரா?"

"வாய்ப்பு இருக்குங்கறாரு."

"அம்மா, டிவியில மழைக்குச் சொல்றதையே சொல்றாரே!" என்று மகள் சிரித்தாள்.

"ஊருக்கெல்லாம் எச்சரிக்கை குடுக்கச் சொல்லித் தர்ற துறை. உனக்கு ஒண்ணு குடுக்க அங்க ஒரு ஆளில்ல. அவரு வாய்க்கு என்ன பூட்டா?"

"என்கிட்ட ஏங்க எரிஞ்சு விழறீங்க?"

"நான் எங்க விழுந்தேன்? பதில் சொல்லு, பதில் சொல்லுன்னு அங்க என் உயிரை வாங்கறாங்க. நாளைக்கு என்னன்னு சொல்லுவேன்? வாய்ப்பு இருக்குன்னா?"

மேடத்துக்கு அழுகை வரவில்லை. பாத்திரங்களைத்தான் கொஞ்சம் சத்தமாகக் கழுவினார்.

மறுநாள் காலை நேராகத் துறைத் தலைவரின் அறைக்குப் போனார். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், முடிவாயிடுச்சா?"

"அதிகாரபூர்வமா இன்னும் வரலம்மா."

"உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, போதும்."

"அது வந்து, வாய்ப்பு..."

"அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் சார்." மேடத்தின் குரல் உயர்ந்தது. "இன்னைக்குள்ள நாங்க இருக்கறதா போறதான்னு சொல்லியாகணும். பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் பாக்கணும். வேலை இல்லன்னா தாங்கிக்குவேன். தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியல."

தலைவர் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டவர்காரரோட மாணவர் ஒருத்தருக்குப் போயிடுச்சு. அன்னைக்கே முடிஞ்ச விஷயம். வீட்டுக்காரரைச் சரின்னு சொல்லச் சொல்லுங்க. நீங்களும் கிளம்புங்கம்மா."

என்ன வருகிறது, என்ன செய்ய வேண்டும், இரண்டும் அதில் இருந்தன. ஒரு குறை சொல்ல முடியாத எச்சரிக்கை. அதுதான் மேடத்துக்குத் தாங்கவில்லை.

"இவ்வளவு தெளிவா சொல்லத் தெரியுதே. அன்னைக்கே சொன்னா என்ன சார்?"

"மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"அந்த வெள்ளத்தப்ப மைக் பிடிச்சுட்டு வண்டியில போனவரும், நான் விசாரிச்சப்ப இதையேதான் சார் சொன்னாரு. ஜனங்க பயந்துடக் கூடாதேன்னு."

பதிலுக்கு நிற்காமல் வெளியே வந்து கணவரைக் கூப்பிட்டார். "சரின்னு சொல்லிடுங்க."

"அப்ப உனக்கு..." என்று அவர் இழுத்தார்.

"கிடைக்கல. இப்பவே சொல்லிடுங்க."

போனைப் பைக்குள் போட்டார். எதிரே அவரிடம் ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவி வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், நிரந்தரமாயிடுச்சாமே? அடுத்த வருஷமும் எங்களுக்கு நீங்கதானே?"

அந்த முகத்தைப் பார்த்ததும் மேடத்துக்கும் மனசு வரவில்லை. "வாய்ப்..." என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து நிறுத்தினார்.

"இல்லம்மா. அடுத்த வருஷம் நான் இங்க இல்ல. கட்டுரையை விடுமுறைக்கு முன்னாடியே முடிச்சு என்கிட்ட காட்டிடு."

மாணவியின் சிரிப்பு அப்படியே நின்றது. "இன்னும் பாதிகூட எழுதல மேடம்" என்றாள்.

"தெரியும். எடுத்துட்டு வா, இன்னைக்கே உக்காரலாம்."