கூப்பிட்டால் வராத நாய்

1. எங்கள் லாப்ரடார் நாய்க்கு நான்கு வயதானபோது, கீழ்ப்படிதல் போட்டிகளுக்காக அவனைப் பழக்கத் தொடங்கினேன்.
2. முதல் போட்டியில், பக்கத்து மண்டபத்தில் பட்டாசு வெடித்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் பரிசு கிடைத்தது.
3. இரண்டு மாதம் கழித்து, விழுப்புரத்தில் எங்கள் தெருவில், நான் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் சாலைக்கு ஓடினான். அவன்மேல் மோதாமலிருக்க ஸ்கூட்டரை நிறுத்த முயன்ற ஒரு பெண் கீழே விழுந்தார். அவருக்கு மணிக்கட்டு முறிந்தது.
4. அடுத்த போட்டியில் கூப்பிட்டவுடன் வந்தால் அவன் வீட்டில் இருக்கலாம், வராவிட்டால் கெடார் கிராமத்தில் மாமாவின் கொல்லை நிலத்துக்குப் போக வேண்டும் என்று அப்பா சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன்.
5. திண்டிவனத்தில் நடந்த அந்தப் போட்டியில் மூன்று முறை கூப்பிட்டேன். வரவில்லை.
6. அன்று அவனை அடித்தேன்.
7. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கெடாரில் விட்டுவிட்டு வந்தோம்.
8. அவனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தது.

எட்டாவதாக எழுதியிருப்பது, இரண்டாவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட ஒன்று. எனக்குத் தெரிய வந்த வரிசையில்தான் என்னால் எழுத முடிகிறது.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. தராசுகள், அழுத்தமானிகள், வெப்பமானிகள். ஒரு கருவி தவறாகக் காட்டுகிறது என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாது. பாலிடெக்னிக்கில் முதல் ஆண்டிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வேலையில் இதை நான் ஒருநாளும் மீறியதில்லை.

காலை ரயிலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அவனைப் பழக்குவேன். எங்கள் தெரு முடிகிற இடத்தில், மனை பிரித்துவிட்டு விற்காமல் கிடக்கும் நிலம் இருக்கிறது. மனைகளுக்கு நடுவே வெள்ளையடித்த கற்கள் ஒரே இடைவெளியில் நட்டிருக்கும். தூரம் அளப்பதற்கு அதைவிட வசதியான மைதானம் கிடைக்காது. ஒரு கல் தூரத்தில் 'சிட்', இரண்டு கல் தூரத்தில் 'ஸ்டே', நான்கு கல் தூரத்தில் 'கம்'. வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை, நாயிடம் தவிர. அம்மாகூட "ஏய், ஸ்டே பண்ணுடா, சோறு ஆறட்டும்" என்றுதான் அவனிடம் சொல்வார்.

ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். கட்டளை, தூரம், எத்தனை முறை சொன்னேன், எத்தனை முறை செய்தான். கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தில் இருப்பவற்றில் சில: 'லாரி ஹாரனுக்கு அசையவில்லை, நல்ல முன்னேற்றம்.' 'தபால்காரரைப் பார்த்துக் குரைப்பது நின்றுவிட்டது.' 'அடிக்கடி தலையை உதறுகிறான், கவனச் சிதறல்.' 'நான் திரும்பி நிற்கும்போது மட்டும் கேட்பதில்லை, பிடிவாதம்.'

போட்டி நாயை வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்ட வேண்டும் என்று போட்டிக்கு வரும் எல்லோரும் சொல்வார்கள். ரோமம் பளபளப்பாக இருக்கும். நானும் குளிப்பாட்டினேன். தலையில் குழாயை நேராகப் பிடிப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். காது மடலுக்குள் ஒரு வாடை வரத் தொடங்கியபோது, ஈரம் என்று நினைத்துத் துடைத்துவிட்டு, குழந்தைகளுக்குப் போடும் பவுடரைப் போட்டேன்.

முதல் போட்டியில் 'ஸ்டே' சுற்று நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. சரவெடி. ஒன்பது நாய்களில் எட்டு எழுந்துவிட்டன. ஒரு டாபர்மேன் வாரை அறுத்துக்கொண்டு போனது. இவன் மட்டும் என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நின்றவர் என்னிடம், "எப்படிம்மா பழக்கின?" என்று கேட்டார். நான் விளக்கமாகப் பதில் சொன்னேன். அந்தப் பதிலை இப்போது நினைத்தால் எங்காவது போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

விபத்து நடந்த அன்று கேட் திறந்திருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு பூனை. நான் வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லி மூன்று முறை கத்தினேன். அவன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. விழுந்த பெண்ணை அப்பாதான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அப்பா ரயில்வேயில் கேட் கீப்பர். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

"நில்லுன்னா நிக்கணும். நிக்காம போனா இன்னாவும்னு தெனம் பாத்துக்கினு இருக்கறவன் நான். இன்னிக்கு அந்தம்மா கையோட போச்சு. நாளைக்குப் புள்ளைங்க எதுனா குறுக்க வந்தா?"

"அவன் இன்னா வேணும்னேவா ஓடனான்? நாய்தானே" என்றார் அம்மா.

"நாய்தான். அதான் சொல்றேன். உன் தம்பி கொல்லையில வுட்டா ரோடும் கெடையாது, வண்டியும் கெடையாது."

திண்டிவனத்தில் அடுத்த போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. அதுவரை நேரம் கேட்டேன். "கூப்டா வரணும். அது ஒண்ணுதான். ஓடறது, தாண்டறதெல்லாம் எனக்கு வேணாம்" என்றார் அப்பா. சரி என்றேன். என் பழக்கத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது.

அந்த ஆறு வாரங்களும் குரலை உயர்த்தினேன். அவன் கேட்காதபோது முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பி, முகத்துக்கு நேராகச் சொன்னேன். அப்படிச் சொன்னால் செய்தான். அதனால் அதை இன்னும் அதிகமாகச் செய்தேன். நான்கு கல் தூரத்திலிருந்து 'கம்' என்று கத்தினால் எப்போதும் ஓடி வந்தான். பத்துக்குப் பத்து. அப்படிக் கத்தும்போதெல்லாம் என் வலது கை தானாக மேலே போய் நெஞ்சுக்கு வந்தது. அதை நான் நோட்டில் எழுதவில்லை. கை அசைவது எனக்கே தெரியாது.

திண்டிவனத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் போட்டி. ஞாயிற்றுக்கிழமை. "சர்ச் பூசைக்கு மட்டும் எழுப்பி எழுப்பி வாய் வலிக்குது. நாய்ப் பரீட்சைன்னா விடியக்காலம் எழுந்துக்கறா" என்று அம்மா சொல்லிக்கொண்டே எனக்கும் அப்பாவுக்கும் இட்லி கட்டிக்கொடுத்தார். அப்பா டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கயிறு கட்டியிருந்த இடத்துக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்த இருவர் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"இன்னாபா, எல்லாம் இங்கிலீஷ்லயே சொல்றாங்க?"

"உன் புள்ள தமிழ் மீடியம். இது இங்கிலீஷ் மீடியம். வாய மூடிக்கினு பாரு."

அப்பா சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வாருடன் நடப்பது, வாரில்லாமல் நடப்பது, உட்காருவது, படுப்பது எல்லாம் சரியாகவே போயின. அவற்றில் அவன் என் காலையும் தோளையும் பார்த்தே செய்துவிடுவான். கடைசியாகக் கூப்பிடும் சுற்று. நடுவராக வந்திருந்த பெண்மணி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கையா, குரலா? ரெண்டுல ஒண்ணுதான்."

"குரல்" என்றேன். அப்பா பார்க்க வந்தது அதைத்தான்.

"அப்ப ரெண்டு கையும் பக்கத்துல இருக்கணும். அசைஞ்சா மார்க் போயிடும்."

கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றேன். எதிரே அவன் உட்கார்ந்திருந்தான். காது மடல்கள் முன்னால் வந்திருந்தன. கண் என்மேலேயே இருந்தது. அவ்வளவு கவனமாக அவன் என்னைப் பார்த்த நாள் வேறு இல்லை.

"கம்."

அசையவில்லை. இரண்டாவது முறை இன்னும் உரக்கச் சொன்னேன். முன்னங்கால்களை லேசாக மாற்றி வைத்துக்கொண்டு, தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை என் குரல் உடைந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தமிழ்ல கூப்டு பாரும்மா, வந்தாலும் வரும்" என்று யாரோ சொன்னார்கள். பலர் சிரித்தார்கள்.

நடுவர் தாளில் கோடு போட்டுவிட்டு, "போதும்மா, கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

அவன் வந்தான். நேராக, வேகமாக ஓடிவந்து, என் கால் விரல்களுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தான். முழு மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டிய வருகை. வாலால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

என்னை அவமானப்படுத்துகிறான் என்று நினைத்தேன். கையில் சுருட்டி வைத்திருந்த தோல் வாரால் அவன் மூக்கின்மேல் அடித்தேன். ஒரே அடிதான். நான்கு வருடத்தில் அதுவரை அவனை யாரும் அடித்ததில்லை. அவன் கத்தவில்லை. வால் நின்றது. வாருக்காகக் கழுத்தை நீட்டிக் கொடுத்தான்.

 பஸ் நிறுத்தத்தில், "வேணும்னா இன்னும் ஒரு மாசம் பாக்கறியா?" என்று அப்பாவாகவே கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஒப்புக்கொண்டதைச் செய்துவிட வேண்டும் என்று சொன்னேன். அந்த வாரம் முழுவதும் அவனிடம் பேசவில்லை. அது அவனுக்குத் தெரிந்திருக்காது என்பது இப்போது புரிகிறது.

கெடாரில் விட்டு ஒரு மாதம் கழித்து, நான் வேலையில் இருந்தபோது மாமா போன் செய்தார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். உன் நாய்க்குக் காது கேக்குமா?"

"கேக்குமே மாமா. ஏன்?"

"இல்ல, மல்லாட்டைச் செடி அடிக்கிற மிஷினு ஓடிக்கினு இருக்குது. ஊர் நாயிங்க எல்லாம் ஓடிப்போச்சுங்க. இவன் அதும் பக்கத்துலயே படுத்துக்கினு தூங்கறான்."

"பழக்கினது மாமா. சத்தத்துக்கு அசைய மாட்டான்."

"அப்டியா? நான் பேரச் சொன்னாலும் அசையலயே. ஆனா துண்ட எடுத்து ஆட்னா எந்த மூலைல இருந்தாலும் ஓடியாறான். அதான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டு, மேசையில் இருந்த அழுத்தமானியின் சான்றிதழை எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடும்போது, மைதானத்தில் நெற்றியைத் துடைத்த கை நினைவுக்கு வந்தது. குரலையும் கையையும் இத்தனை நாள் நான் ஒன்றாகவே கொடுத்து வந்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தனித்தனியாகச் சோதிக்கவில்லை.

அந்த ஞாயிறு கெடாருக்குப் போனேன். அவன் வேப்பமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். அத்தையிடம் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வாங்கி, அவனுக்குப் பின்னால் தள்ளி நின்று தட்டினேன். இடப்பக்கம் பத்து முறை, வலப்பக்கம் பத்து முறை. வலப்பக்கம் ஒருமுறை காது அசைந்தது. ஈயாக இருக்கலாம். அத்தை, "போதும்மா, எங்களுக்குத் தலை வலிக்குது" என்றார்.

விழுப்புரத்தில் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். விளக்கு வைத்து இரண்டு காதையும் நெடுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ நாளா தலைய ஒதறுறான்?"

நோட்டைத் திறந்து தேதியைச் சொன்னேன். அவர் நோட்டையும் என்னையும் பார்த்தார்.

"குளிப்பாட்டும்போது காதுல பஞ்சு வெப்பீங்களா?"

"இல்ல டாக்டர்."

"வாடை அடிச்சிருக்குமே."

"பவுடர் போட்டேன்."

அவர் விளக்கை அணைத்தார். ஈரம் தங்கிச் சீழ் பிடித்து, பழைய புண்ணாகி, உள்ளே செவிப்பறையையும் தாண்டிப் போய்விட்டது என்றார். வலி நிற்க மருந்து உண்டு. கேட்பது திரும்பி வராது. போட்டிக்காகக் குளிப்பாட்டினேன் என்று சொன்னதும், "ஷோ நாய்ங்க பாதிக்கு இதான்மா. குளிப்பாட்டியே கெடுத்துடறீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவனை மறுபடி மாமாவிடம் விட்டுவிட்டு வந்து வீட்டில் சொன்னேன். அப்பா, "தெரியாம போச்சே. கொணாந்துடு. நான் கேட்ல சங்கிலி போட்டுக்கறேன்" என்றார். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

கொண்டுவரத்தான் போனேன். கேட்காத நாயைக் கையசைவில் பழக்கலாம். அதற்கு அவன் நம் முகத்தையும் கையையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கொல்லையில் அவனுக்கு முன்னால் நின்று, எப்போதும் போல வலது கையைத் தூக்கி நெஞ்சுக்குக் கொண்டுவந்தேன். அவன் காதுகளை மடக்கிக்கொண்டு, வயிறு மண்ணில் பட அப்படியே படுத்துவிட்டான். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். மறுபடி மெதுவாகச் செய்தேன். அதேதான். மாமா கொல்லையின் அந்தக் கோடியில் நின்று துண்டை அசைத்ததும், எழுந்து என்னைச் சுற்றிக்கொண்டு அவரிடம் ஓடினான்.

"புதுசா வந்த எடம், அதான்" என்றார் மாமா. அது உண்மையில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இப்போதைய நிலை இது. அவன் கெடாரில் இருக்கிறான். காதுப் புண் ஆறிவிட்டது. மருந்து முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. தலையை உதறுவதில்லை. இரண்டு காதும் கேட்காது. சாலை அங்கிருந்து தூரம். மாமாவின் துண்டுக்கு எப்போதும் வருகிறான். நான் ஞாயிறுதோறும் பூசை முடிந்து, வேகவைத்த ஈரல் எடுத்துக்கொண்டு போகிறேன். அவன் பார்வை படும் தூரத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கையைத் தூக்குவதில்லை. போன வாரம் ஈரலை அவனாகவே வந்து தின்றான். தின்றுகொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.