மருதோண்டி ராத்தாவும் குட்டிப் பேயும்

என் தங்கச்சியின் கல்யாணத்துக்கு மருதோண்டி போட மருதமுனையிலிருந்து நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் ஓர் அக்கா வந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, விரலெல்லாம் சிவப்பு. எந்தக் கோட்டையும் ஒரு சுருள் வைக்காமல் முடிக்கமாட்டார். யாராவது மயில் கேட்டால், “உயிருள்ளதக் கீறமாட்டன் புள்ள, மார்க்கத்துல கூடாது” என்பார்.

என் இரண்டு கைகளிலும் ஈரம் காயவில்லை. வலது உள்ளங்கையின் நடு மட்டும் மிச்சம். எதிரே போனில் நான் பாதியில் விட்ட விளையாட்டு. பறந்து வரும் குட்டிப் பேயின் தலைக்கு மேல் ஒரு கோடு தெரியும். அதை அப்படியே விரலால் கீறினால் பேய் விழுந்துவிடும்.

“எனக்காகக் கீறுங்க ராத்தா!” என்றேன்.

மின்னல் வேகத்தில் கீறினார், ஒவ்வொன்றையும் சுருளோடு. ஒரு பேயும் விழவில்லை.

“சுருள் வேணாம் ராத்தா!”

“மொட்டையா விட்டா அது கோடா?”

தோற்றுப்போனோம். அவர் என் உள்ளங்கையை இழுத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது நடுவில் ஒரு குட்டிப் பேய் இருந்தது. அதன் தலைக்கு மேல் சுருள் வைத்த ஒரு கோடு.

“உயிருள்ளதக் கீறமாட்டீங்களே ராத்தா?”

“கண்ணப் பாரு புள்ள. நம்மட கோட்டுக்கு இது மௌத்தாப் போயிட்டு.”

செத்ததுபோல் பேயின் கண்கள் மூடித்தான் இருந்தன. அவர் சொன்னது பகிடியா, மார்க்கத் தீர்ப்பான பத்வாவா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.