கீழ்நோக்கி வளர்ந்த முகம்

ரொட்டியைக் கடித்தால் முன்பற்களுக்கு நடுவில் அது அறுபடாமல் அப்படியே நின்றது. அப்போது எனக்குப் பதினொரு வயதிருக்கும். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரவில்லை. கடைவாய்ப் பல்லால் இழுத்துத் தின்றேன். ஆடு தழை தின்பதைப் போல இருக்கிறது என்று அண்ணிமார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் என் உதடுகள் மூடவில்லை.

இதே குறையுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு கலங்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

அடுத்த வருஷம் முகம் நீளத் தொடங்கியது. ஆம்பூரிலிருந்து ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா மூக்கையும் தொண்டையையும் பார்த்தார். அங்கே கோளாறு இல்லை. பிறகு என் முகவாயை இரண்டு விரலால் பிடித்து நெடுநேரம் தடவினார். முகவாய் எலும்பு (கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் கூடும் இடம்) சிலருக்குத் தடித்து உருண்டிருக்கும், அவர்கள் தாடை முன்னோக்கி வளரும் என்றார். எனக்கு அது ஒடுங்கி உயர்ந்திருந்தது. இப்படிப்பட்ட தாடை பெரும்பாலும் கீழே இறங்கித்தான் வளருமாம். எலும்பு ஒடுங்கியதால் இறங்குகிறதா, இறங்குவதால் ஒடுங்குகிறதா என்று அம்மா கேட்டார். தெரியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். தாடைக்கட்டு (முகவாயிலிருந்து உச்சந்தலைக்குச் சுற்றும் துணிப்பட்டை) ஒன்று கொடுத்தார். பலிக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்தத் துணியில் நம்பிக்கை இல்லை. தோல் கிடங்கில் ஈரத்தோலைப் பலகையில் ஆணியடித்துக் காயவைப்பது அவர் வேலை. பச்சைத்தோல் (பதனிடாத தோல்) காயக் காய இறுகும். ஆணியையே பிடுங்குகிற தோல் எலும்பை இழுக்காதா என்று நினைத்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் புறப்படும் முன், நனைத்த பச்சைத்தோல் வார் ஒன்றை என் முகவாயிலிருந்து உச்சந்தலைக்குச் சுற்றிக் கட்டினார். அம்மா அண்ணிமாரோடு, உறவுக்காரி ஒருத்தியின் பிரசவத்துக்குப் போயிருந்தார்.

"கொஞ்ச நேரம் வெயில்ல குந்தும்மா. தானா இஸ்துப் புடிச்சிக்கும்."

பிடித்தது. கடைவாய்ப் பற்கள் நெரிந்தன, காதுக்குள் ரத்தம் இடித்தது. முடிச்சு காய்ந்து கல்லாகிவிட்டது, நகம் ஏறவில்லை. இந்த வாய் மூட வேண்டும் என்று எத்தனை துஆ கேட்டிருப்பேன்! மூடிய வாயால் யாரையும் கூப்பிட முடியவில்லை.

அத்தா திரும்பி வந்து கத்தியை எடுத்தார். வார் சதைக்குள் அமிழ்ந்திருந்ததால் அறுக்கப் பயந்தார். தளரும் வரை தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அவிழ்த்தபோது முகவாய்த் தோல் வாரோடு வந்தது. முன்பல் இடைவெளி அப்படியே இருந்தது.

புண்ணுக்கு மருந்திட்ட டாக்டரம்மா அத்தாவைத் திட்டவில்லை. இது எப்போது நிற்கும் என்று அத்தா கேட்டார். உடம்பு வளர்வது நின்றால் இதுவும் நிற்கும், அதுவரை நம் கையில் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

என் வயதுப் பெண்கள் கதவோடு நின்று உயரம் பார்த்துக் குதித்தார்கள். பாவாடை குட்டையானால் எனக்கு அழுகை வரும். ஒவ்வொரு பெருநாளுக்கும் புதுத்துணி தைக்கும்போது, போன வருஷத்து அளவே போதும் என்று தையற்காரர் சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன்.

இருபதை நெருங்கும்போது, வளர்ச்சி நின்றுவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குக் கிடைத்த குணம் அவ்வளவுதான். முகம் நீண்டபடியே இருக்கிறது.

அதே வருஷம் அத்தாவின் தாடையில் கட்டி வந்தது. கீறுவதற்காகத் தாடியை மழித்தார்கள். தாடியில்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அம்மாவும் பார்த்ததில்லை; நிக்காஹ் அன்றே அவருக்கு ஒரு பிடி தாடி. நாவிதர் துடைத்துவிட்டு நகர்ந்தார். ஒடுங்கி நீண்டு, கீழே இறங்கிய முகவாய். கட்டிலில் என் முகம் படுத்திருந்தது.

அத்தா துண்டால் மறைக்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எது வரைக்கும் போவும்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "அதான் கட்னேன்."

தாடி மறுபடி வளர்ந்து அந்த முகத்தை மூடியது. அவர் இப்போது இல்லை. எனக்கு வயதாக ஆக, அவர் தாடிக்குள் மறைத்திருந்த அந்த முகம் கண்ணாடியில் தெளிந்துகொண்டே வருகிறது.